மின்வழிப் பணமும் கடற்கரை வியாபாரிகளும்

இராமேசுவரத்துச் சந்நிதித் தெருவில் சங்கும் பாசிமணி மாலையும் விற்கும் சிறு கடைகளைக் காணாத யாத்திரிகர் இல்லை. காசியிலிருந்து கங்கா தீர்த்தம் சுமந்து வரும் வடநாட்டவரானாலும் சரி, மதுரையிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பும் குடும்பத்தினரானாலும் சரி, அக்கடைகளில் ஒரு சங்கையாவது வாங்காமல் போவது அரிது. இந்தச் சிறு வியாபாரத்தில் சில வருஷங்களுக்குள் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்துவிட்டது. மடியை அவிழ்த்துச் சில்லறை எண்ணுவோர் குறைந்து, கடை முகப்பில் தொங்கும் க்யூ.ஆர். அட்டையின் முன்பு கைப்பேசியை நீட்டுவோர் பெருகியிருக்கிறார்கள். மறுகணமே, இத்தனை ரூபாய் வந்து சேர்ந்ததென்று பக்கத்திலுள்ள சிறு பெட்டி தமிழில் உரக்கச் சொல்லுகிறது.

அத்தெருவில் தரையில் துணி விரித்துச் சிப்பிச் சாமான்கள் விற்கும் ஒரு மூதாட்டியை நாம் சந்தித்தோம். அவர் முன்பும் அவ்வித அட்டை ஒன்று இருந்தது. அது யார் பெயரிலுள்ளது என்று வினவினோம். "பக்கத்துக் கடை முதலாளி பேரில் இருக்குதுங்க ஐயா. ராத்திரி கடை கட்டும்போது கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவார்" என்றார். அந்த முதலாளி ஒரு நாளும் குறைத்துக் கொடுத்ததில்லை என்றும் அவரே சொன்னார். நாம் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால், சட்டத்தின் கண்ணுக்கு அந்த மூதாட்டி வியாபாரமே செய்யவில்லை. அவர் வெயிலில் உட்கார்ந்து விற்ற சாமான்களின் கிரயம் முழுவதும் வேறொருவருடைய கணக்கில் வேறொருவருடைய வருமானமாகப் பதிவாகிறது. நாளை அவர் கடன் கேட்டுப் பாங்கிக்குப் போனால், காட்டுவதற்கு அவரிடம் ஒரு வரி ஆதாரமும் இராது.

மின்வழியாகப் பணம் வாங்கவும் அனுப்பவும் ஒரு வியாபாரிக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி, பாங்கி உத்தியோகஸ்தர்கள் மட்டும் அறிந்திருக்க வேண்டிய சிறு விஷயமன்று என்பதற்கு இந்த ஒரு திருஷ்டாந்தமே போதும். 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் யு.பி.ஐ. முறையில் தேசமெங்கும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பட்டுவாடாக்கள் நடந்திருக்கின்றன. இவ்வளவு பெரிய வெள்ளத்தில் நமது ஜில்லாவின் சிறு வியாபாரி தன் சொந்தப் படகில் போகிறாரா, பிறர் படகில் தொற்றிக்கொண்டு போகிறாரா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

அன்றைய தகுதி

பணத்தைக் கையில் தூக்காமல் ஊர் விட்டு ஊர் அனுப்பும் வித்தை நமது நாட்டுக்குப் புதிதன்று. உண்டியல் என்பது நம்மவர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட சாதனம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்துக்கு ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் பணம் கிடைத்தது. கீழக்கரை மரைக்காயர்களின் கடல் வாணிபமும் நம்பிக்கையின் மேலேயே நடந்து வந்தது. அக்காகிதத்தில் எழுதியிருந்த தொகையைவிட எழுதியவர் யார் என்பதே முக்கியம். 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் காசையும் வாக்குத் தவறாமையையும் குறித்த நம் முன்னோருக்கு இது நன்கு தெரிந்திருந்தது.

ஆனால், அந்த நாணயத்துக்குச் சாட்சி எது? இன்ன கோயிலைச் சேர்ந்தவர், இன்னார் மகன், இன்ன கடையில் காரியஸ்தராக இருந்து பழகியவர் என்பனவே சாட்சி. ஆகவே குலமும் உறவும் உடையவருக்கு உண்டியல் வழி திறந்திருந்தது. மீன் கூடை சுமந்தவளுக்கும், பனையேறிக் கருப்பட்டி காய்ச்சியவனுக்கும், பரமக்குடித் தறியில் உட்கார்ந்தவனுக்கும் அவ்வழி அடைத்தே கிடந்தது. அவர்கள் எவ்வளவு யோக்கியர்களாக இருந்தபோதிலும், அவர்களுடைய யோக்கியதைக்கு அடுத்த ஊரில் மதிப்பில்லை.

பிற்பாடு பாங்கிகள் வந்தன. 1906-ம் வருஷத்தில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, அநேகர் ஆயுட்காலச் சேமிப்பை இழந்தபோது, வெள்ளைக்காரர் நிர்வாகமே பத்திரம் என்ற மயக்கம் தெளிந்தது. அதன் பயனாக 1907-ல் இந்தியன் பாங்கி தோன்றிற்று. 1937-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அக்காலத்தில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காரைக்குடியிலும், சென்னையிலும், ரங்கூனிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியைத் திறந்தார். 1969-ல் இவ்விரண்டும் சர்க்காருடைமையாயின. சேமிப்பவருக்கு இவ்வாறு கதவு திறந்தது. ஆயினும் சிறு வியாபாரி வியாபாரி என்ற ஹோதாவில் உள்ளே நுழைவதற்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று கேட்கப்படும் தகுதி

இப்பொழுது பாங்கி கேட்பது குலத்தையன்று, தஸ்தாவேஜைத்தான். இது பெரிய முன்னேற்றமே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். குலத்தை எவரும் சம்பாதித்துக்கொள்ள முடியாது. தஸ்தாவேஜை எவரும் பெறலாம். பெற முடியாதபடி யாரேனும் தடுத்தால், தடுப்பவரைக் கேள்வி கேட்கலாம்.

இந்தத் தஸ்தாவேஜு நிபந்தனைகளுக்கு மூலம் 2002-ம் வருஷத்துப் பணமோசடித் தடுப்புச் சட்டம். அதன்படி ரிசர்வ் பாங்கி வெளியிட்டுப் பலமுறை திருத்தியுள்ள 'வாடிக்கைக்காரரை அறிதல்' என்னும் விதிகளே, ஜனங்கள் கே.ஒய்.சி. என்று சொல்லுவன. களவுப் பணமும் கள்ளக் கணக்கும் பாங்கிக்குள் நுழையாமல் காப்பது இவற்றின் உத்தேசம். இந்த உத்தேசத்தில் நமக்கு விரோதமில்லை.

வியாபாரத்தின் உருவத்துக்குத் தக்கபடி நிபந்தனை மாறுகிறது. ஒருவரே முதலாளியாக இருக்கும் தனி வியாபாரத்துக்கு, முதலில் அம்முதலாளி இன்னாரென்று காட்ட வேண்டும். ஆதார், பாஸ்போர்ட், மோட்டார் ஓட்டும் லைசென்ஸ், வாக்காளர் அட்டை ஆகியவற்றோடு, அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டையும் இதற்குச் செல்லுபடியாகும் என்று விதிகள் வகுத்திருக்கின்றன. பான் எண் வேண்டும். இல்லாதவர் அதற்கென்றுள்ள உறுதிமொழிப் படிவத்தை எழுதிக் கொடுக்கலாம். பிறகு, வியாபாரம் நடப்பதற்கு அத்தாட்சியாக, வியாபாரத்தின் பெயரிலுள்ள இரண்டு தஸ்தாவேஜுகள் காட்ட வேண்டும். முனிசிபாலிடி லைசென்ஸ், உத்யம் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, கடையின் மின்சார ரசீது முதலியவற்றுள் எவையேனும் இரண்டு போதும்.

இரண்டு கொடுக்க இயலாதவர் கதி என்ன? இங்கேதான் ஜனங்கள் அறியாத ஒரு சலுகை இருக்கிறது. இரண்டு தஸ்தாவேஜுகள் கொடுப்பது சாத்தியமில்லை என்று பாங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால், ஒன்றையே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், பாங்கி தன் ஆளை அனுப்பி, அவ்விடத்தில் வியாபாரம் நடப்பது மெய்தானா என்று நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அதாவது, காகிதக் குறைவைக் கண்ணால் பார்த்து நிரப்பிக்கொள்ளும்படி சட்டமே இடங்கொடுத்திருக்கிறது.

கூட்டு வியாபாரமாயின் பங்காளிகளின் ஒப்பந்தப் பத்திரம், பதிவுச் சான்று, கூட்டின் பான் எண் ஆகியவை வேண்டும். கம்பெனியாயின் பதிவுச் சான்று, அமைப்பு விதிகள், கணக்கை நடத்த இன்னாருக்கு அதிகாரம் என்னும் நிர்வாக சபைத் தீர்மானம் ஆகியவை வேண்டும். அன்றியும், கம்பெனியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் பங்குடையவர் யார் என்பதும் தெரிய வேண்டும். பெயருக்கு ஒருவரை நிறுத்திப் பின்னாலிருந்து ஆட்டுவிப்பவரைப் பாங்கி அறியாமலிருக்கக் கூடாதென்பதே காரணம். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து முண்டு மிளகாய் விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனியாகக் கூடும்போது இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொள்வது அவசியம். அம்மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தூரதேசத்து வியாபாரி நேரே விலை பேச வரும்போது, பணம் வாங்கக் கணக்கு இல்லையென்றால் இடைத்தரகனுடைய கணக்கே மறுபடியும் கைகொடுக்கும்.

மகளிர் சுயஉதவிக் குழுவின் விஷயம் இன்னும் சுலபம். குழுவின் சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கும்போது அங்கத்தினர் அனைவருடைய தஸ்தாவேஜுகளையும் கேட்க வேண்டியதில்லை, நிர்வாகிகளுடையவை போதும். மண்டபம், பாம்பன் பக்கங்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களும் கருவாடு உலர்த்தும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் செல்லும் பாதைகள்

கணக்கு ஏற்பட்டபின் பணம் எவ்வழியில் செல்லுகிறது என்பதையும் சுருக்கமாகக் கூறுவோம். ஒவ்வொரு பாங்கிக் கிளைக்கும் ஐ.எப்.எஸ்.ஸி. என்ற பதினோரெழுத்துக் குறியீடு உண்டு. முதல் நான்கு எழுத்து பாங்கியையும், கடைசி ஆறு கிளையையும் குறிக்கும். நடுவில் ஒரு பூஜ்யம். தபாலுக்கு விலாசம் எப்படியோ, பணத்துக்கு இக்குறியீடும் கணக்கு எண்ணும் அப்படி.

பாதைகள் நான்கு. பெருந்தொகைக்கு ஆர்.டி.ஜி.எஸ்.; 2004-ல் ஆரம்பமான இதில் குறைந்தது ரூ. 2 லட்சம் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவும் தனித்தனியே அக்கணமே தீர்ந்துவிடும். 2005-ல் ஏற்பட்ட நெப்ட் முறையில் இவ்வளவு என்ற குறைந்த வரம்பு இல்லை. அரைமணிக்கொருமுறை கட்டுக்கட்டாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. 2010-ல் வந்த ஐ.எம்.பி.எஸ். உடனுக்குடன் செல்லுவது. 2016-ல் வந்த யு.பி.ஐ., கணக்கு எண்ணைப் பிறருக்குச் சொல்லாமலே கைப்பேசியால் அனுப்புவதற்கு வழி செய்தது. நெப்ட் 2019 டிஸம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிஸம்பர் முதலும் இரவு பகல், விடுமுறை வித்தியாசமின்றி நடக்கின்றன. நள்ளிரவில் கரை சேரும் விசைப்படகின் மீனுக்கு விடியுமுன் பணம் வந்துவிடுவது இதனால் சாத்தியமாயிற்று.

அனுப்புகிறவருக்கும் சில ஒழுங்குகள் உண்டு. கம்பெனிக் கணக்கிலிருந்து பணம் போகும்போது ஒருவர் கட்டளை எழுத, மற்றொருவர் அதை அங்கீகரிப்பது என்ற இரட்டைக் காவலை வைத்துக்கொள்வது உத்தமம். முன்னெல்லாம் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் முன்பின் அறியாதவருக்குப் போய்விடும். இப்பொழுது நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும், அனுப்புமுன் பெறுபவரின் பெயரைப் பார்த்துச் சரிபார்க்கும் வசதியைப் பாங்கிகள் 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் ஏற்படுத்த வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. பணம் அனுப்புவோர் இதைக் கேட்டு வாங்கி உபயோகிக்க வேண்டும்.

கடையில் பணம் வாங்கும் அட்டையைப் பாங்கியே நேரில் கொடுக்கலாம். அல்லது பட்டுவாடாத் திரட்டுக் கம்பெனிகள் கொடுக்கலாம். இக்கம்பெனிகளும் இஷ்டம்போல் ஆரம்பிக்கத் தக்கவையல்ல. ரிசர்வ் பாங்கி வகுத்த விதிப்படி, அனுமதி கோரும்போது ரூ. 15 கோடியும் மூன்றாம் வருஷ முடிவுக்குள் ரூ. 25 கோடியும் சொந்த மதிப்பு இருக்க வேண்டும். வியாபாரிக்குச் சேர வேண்டிய பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் பாங்கியில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். தங்களிடம் சேரும் வியாபாரி யார், என்ன விற்கிறார் என்பதையும் விசாரிக்க வேண்டும். இறால், நண்டு, கருவாடு இவற்றை அயல்நாட்டுக்கு அனுப்புவோர், இவையன்றி, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்று, வெளிநாட்டுப் பணம் கையாள அதிகாரம் பெற்ற பாங்கி மூலமே பணம் வாங்க வேண்டும்.

கடலுக்கு அப்பாலும் இப்பாதை நீண்டிருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் 1964-ம் வருஷத்துப் புயலோடு முடிந்தது. ஆனால் 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளில் நம்மவர் யு.பி.ஐ. மூலம் பணம் கொடுக்கலாம். மன்னாரில் ஒரு கடைக்குச் செல்லக்கூடிய பணம், சந்நிதித் தெருவில் துணி விரித்த மூதாட்டிக்குப் பக்கத்துக் கடை வழியாகச் சுற்றி வருவது எவ்வளவு விசித்திரம்!

வாசலில் நிற்பவர்கள்

விதிகள் இவ்வளவு இடங்கொடுத்தும் சிறு வியாபாரிகள் வெளியே நிற்பானேன்? காரணங்கள் மூன்று என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, விதிக்கும் வழக்கத்துக்கும் உள்ள தூரம். 'ஒரு தஸ்தாவேஜு போதும், நேரில் வந்து பாருங்கள்' என்று சொல்லும் தைரியம் கருவாட்டுக் கூடையோடு வந்தவளுக்கு எப்படி உண்டாகும்? எல்லாக் காகிதங்களையும் கொண்டுவா என்று சொல்லி அனுப்புவது உத்தியோகஸ்தருக்குச் சுலபம். நேரில் போய்ப் பார்ப்பதற்கு நேரமும் ஆளும் வேண்டும். பாங்கிக்கு இதில் ஊக்கமூட்டும் லாபமும் இல்லை. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. வரவுக்கு வியாபாரியிடம் தரகு வாங்குவது நீக்கப்பட்டது. இது ஏழைக்குச் செய்த நன்மையே. ஆனால் வருமானமில்லாத வாடிக்கைக்காரரைத் தேடிப் போக யார் விரும்புவார்? சிறு தொகைப் பட்டுவாடாக்களுக்காக மத்திய சர்க்கார் பாங்கிகளுக்கு ஊக்கத் தொகை கொடுத்து வந்ததும், 2025 மார்ச்சில் அவ்வருஷக் கணக்குக்கு ரூ. 1,500 கோடி ஒதுக்கியதும் இதை உணர்ந்தேயாகும்.

இரண்டாவது, உழைப்பே தடையாவது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் பாறையிலும் பவளத்திலும் கை கிழியாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முக்குளிக்கிறார்கள். வலை இழுப்பவருக்கும் பனையேறுபவருக்கும் விரல் ரேகை தேய்ந்து போகிறது. ரேகை வைக்கும் யந்திரம் அவர்களை 'நீ நீயல்ல' என்று திருப்பிவிடுகிறது! கண் பாவை, முகம், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் முதலிய மாற்று வழிகள் இருந்தும் அவை எடுத்துச் சொல்லப்படுவதில்லை. 2025 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சால் முகம் சிதைந்து, யந்திரத்தின் முன் கண் சிமிட்ட இயலாதவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்ததே என்று அது கூறிற்று. அதன்மேல் ரிசர்வ் பாங்கி அவ்வருஷம் ஆகஸ்டில் விதிகளைத் திருத்தி, எந்த விண்ணப்பத்தையும் யோசனையின்றி நிராகரிக்கலாகாது, நிராகரித்தால் காரணத்தை உத்தியோகஸ்தர் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. இக்கட்டளை நமது கடற்கரையின் ஒவ்வொரு கிளைக்கும் பொருந்தும்.

மூன்றாவது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய கட்டு. முன்பணம் கொடுத்தவரிடமே சரக்கைக் கொடுக்க வேண்டும். அவர் எழுதியதே விலை. அவர் பேரேடே கணக்கு. இந்நிலையிலிருப்பவர் தம் பெயரில் கணக்கு வைத்துப் பிறரிடம் விற்றுப் பணம் பெறத் துணிந்தால் முன்பணக்காரர் முகம் சுளிக்கிறார். ஆனால் கட்டிலிருந்து மீள வழியும் இதுவே. மாதந்தோறும் எவ்வளவு வரவு என்று பாங்கி ஏடு காட்டினால், அதைப் பார்த்துப் பாங்கியே கடன் கொடுக்கும். தெரு வியாபாரிகளுக்கு 2020-ல் ஆரம்பித்த ஸ்வநிதி திட்டம் முதலில் ரூ. 10,000 கடன் கொடுத்து, ஒழுங்காகத் திருப்பியவருக்கு மேலும் கொடுத்து, மின்வழியில் பணம் வாங்குவோருக்குச் சிறு சன்மானமும் அளித்தது. 2025-ல் அது முதல் கடனை ரூ. 15,000 ஆக உயர்த்தி, 2030 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பிறர் பெயரிலுள்ள அட்டையில் வியாபாரம் செய்பவருக்கு இப்பயன் எப்படிக் கிட்டும்?

வரிப் பயம்

இவற்றோடு ஒரு பயமும் பரவியிருக்கிறது. மின்வழியில் பணம் வாங்கினால் சர்க்கார் வரி போட்டுவிடும் என்பதே அது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளைக் கணக்கிட்டுச் சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸுகள் போயின. பெங்களூரில் பலர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். பின்னர் அம்மாநில சர்க்கார் அவர்களைச் சமாதானப்படுத்த நேர்ந்தது. இச்செய்தி நமது கரைக்கும் எட்டியிருக்கிறது.

உண்மை என்னவெனில், அட்டை புதிய வரி எதையும் உண்டாக்குவதில்லை. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர், வருஷ விற்பனை ரூ. 40 லட்சத்தைத் தாண்டினாலன்றி ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ளக் கடமைப்பட்டவரல்லர். சேவைத் தொழிலுக்கு வரம்பு ரூ. 20 லட்சம். பச்சை மீன், காய்கறி போன்ற வரி விலக்குள்ள சரக்குகளையே விற்பவருக்குப் பதிவு அவசியமில்லை. துணி விரித்துச் சிப்பி விற்பவர் இவ்வரம்பின் அருகேகூடப் போவதில்லை. மாறாக, பலருடைய விற்பனை ஒரே கடை முதலாளியின் கணக்கில் குவிந்தால், அவருக்குத்தான் வரம்பு தாண்டும் ஆபத்து. ஆகையால் தனித்தனிக் கணக்கு என்பது மூதாட்டிக்கு மட்டுமன்றி, நல்லெண்ணத்தோடு உதவிய முதலாளிக்கும் க்ஷேமமானது. அதே சமயம், வரம்புக்குட்பட்டவர்களை நோட்டீஸால் மிரட்டி ரொக்கத்துக்கு விரட்டுவது சர்க்கார் தன் கையாலேயே தன் காரியத்தைக் கெடுத்துக்கொள்வதாகும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

உண்மையாகவே பயப்பட வேண்டியது வேறொன்று. 'உன் கணக்கைச் சில நாள் எனக்குக் கொடு, கூலி தருகிறேன்' என்று வருவோர் இருக்கிறார்கள். திருட்டுப் பணம் அக்கணக்கில் புகுந்து வெளியேறும். போலீஸ் விசாரணை கணக்குக்காரர் வீட்டுக்கு வரும். குற்றமே அறியாத கடைக்காரர் வாங்கிய ஒரு சிறு தொகை மோசடிப் பணமாக இருந்து, அவருடைய கணக்கு முடக்கப்படுவதும் நடக்கிறது. மோசடிக்கு ஆளானவர் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். கணக்கு முடங்கியவர் தாம் விற்ற சரக்கின் ரசீதைக் காட்டிப் பாங்கியில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு சிறு தொகைக்காக முழுக் கணக்கையும் மாதக் கணக்கில் முடக்குவது நியாயமாகாது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம். வாங்குபவர் கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு வந்து சேராவிட்டால் ஐந்து நாளில் அது அவருக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் அவருக்கு நஷ்டஈடு உண்டென்று 2019-ம் வருஷத்து உத்தரவு கூறுகிறது. இது தெரியாமல் கடைக்காரரும் யாத்திரிகரும் வாசலில் நின்று சச்சரவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

செய்ய வேண்டுவன

பாங்கிகளை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். தனி வியாபாரக் கணக்குக்கு வேண்டிய தஸ்தாவேஜுகளின் ஜாபிதாவை, ஒன்றே போதுமென்ற சலுகை உட்பட, தெளிவான தமிழில் ஒவ்வொரு கிளையின் முகப்பிலும் எழுதி வைக்க வேண்டும். பாங்கியின் ஆள் மாதம் ஒரு நாளாவது பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி முதலிய கரைகளுக்குச் சென்று நேரில் பார்த்துக் கணக்குத் திறக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தைக் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முனிசிபாலிடியும் பஞ்சாயத்துகளும் செய்ய வேண்டியது உண்டு. தெரு வியாபாரிக்குச் சான்று கொடுப்பது உபகாரமன்று, கடமை. அச்சான்று ஒன்றே பாங்கியில் அவருடைய முதல் சாட்சியாகும். 2020 ஜூலை முதல் நடக்கும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத மிகச் சிறு தொழில்களைப் பதிவு செய்ய 2023 முதல் உத்யம் உதவி மேடை என்ற தனி ஏற்பாடும் இருக்கிறது. இலவசமான இதற்குத் தரகர்கள் பணம் வாங்குவதை அதிகாரிகள் தடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் அதிகாரிகள் தலையில் சுமத்திவிட்டு நாம் சும்மா இருப்பது தகாது. ஊர்தோறும் பொது ஊழியர்கள் இருக்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், கொடி கட்டுகிறார்கள். அவர்களுள் இருவர் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, எழுதப் படிக்கத் தெரியாத வியாபாரிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, பாங்கிக்குக் கூடச் சென்று, கிடைத்த அட்டையில் அவரவர் பெயரே இருக்கிறதா என்று வாசித்துக் காட்டினால், அது பத்துப் பிரசங்கங்களுக்கு மேலான தொண்டாகும். ரகசிய எண்ணை மட்டும் தாங்கள் கேட்கவும் கூடாது, அவர்கள் சொல்லவும் கூடாது என்பதை முதல் பாடமாகக் கற்பிக்க வேண்டும்.

அக்னி தீர்த்தக் கரையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். சிறு வியாபாரிக்கு வருஷத்தின் பெரிய வரவு அந்நாட்களிலேதான். வரப்போகும் அமாவாசைக் கூட்டத்துக்குள், சந்நிதித் தெருவிலும் தனுஷ்கோடி வழியிலும் சாமான் விற்கும் ஒவ்வொருவர் முன்பும் அவரவர் பெயரிலேயே அட்டை இருக்கும்படி செய்ய முடியாதா? முடியும். அதற்குப் புதிய சட்டமோ பெரும் பொருளோ தேவையில்லை. இருக்கிற விதியை உள்ளபடி நடத்தும் உத்தியோகஸ்தரும், அவ்வளவு தூரம் கூட நடந்து வர ஓர் ஊழியருமே தேவை. முதல் விண்ணப்பம், பக்கத்துக் கடைக்காரரின் நல்ல மனத்தை நம்பி வியாபாரம் செய்துவரும் அந்த மூதாட்டியினுடையதாக இருக்கட்டும்.